சூரையும் அதன் சுற்றமும்

மீன்கடையில் நின்று, கூடையிற் கிடக்கும் ஒரு மீனைச் சுட்டி, இஃது என்ன மீன் என்று வினவினால், "சூரை" என்று ஒரே சொல்லில் விடை வரும். பக்கத்துக் கூடையிலுள்ள வேறொரு மீனைச் சுட்டினாலும் பெரும்பாலும் அதே விடைதான். விலையைக் கேட்டாலோ இரண்டுக்கும் இரண்டு விலை. வாங்கிச் சென்று சமைத்தாலோ இரண்டுக்கும் இரண்டு சுவை. ஒரு பெயருக்குள்ளே பல மீன்கள் ஒளிந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். அவற்றை வேறு பிரித்து அறிவது எப்படி, எந்த மீன் எந்தக் கறிக்குப் பொருந்தும், எந்நிலையில் இம்மீன் உடலுக்கு ஊறு செய்யும் என்னும் மூன்று செய்திகளையும் இன்று சிறிது ஆராய்வோம்.

வானொலியிலே படம் காட்டுதல் இயலாது. ஆதலால், சொல்லை மாத்திரம் துணையாகக் கொண்டு, மீனைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது நினைவுக்கு வரத்தக்க அடையாளங்களையே தெரிந்து கூறுகின்றேன்.

முதலிற் குடும்பத்தைப் பார்ப்போம். சூரை வகைகள், அறக்குளா, கும்பிளா ஆகிய யாவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறக்குறைய 51 இனங்கள் உள்ளன. அவற்றுள் 15 இனங்களே சூரை என்னும் கிளைக்கு உரியவை. இக்குடும்பத்தாரை வேறு மீன்களினின்று பிரித்தறிவது மிக எளிது. முதுகிலும் அடியிலும் பெரிய செட்டைகள் முடிந்த இடத்திலிருந்து வால்வரையில் சின்னஞ்சிறு செட்டைகள் ஒரு வரிசையாக நிற்கும். வாலின் அடி ஒரு குச்சிபோல ஒடுங்கியிருக்கும். வாலோ இளம்பிறைபோல் விரிந்திருக்கும். உடல் நெசவுத்தறியின் நாடாவைப்போல நடுப்பருத்து இருமுனையும் கூர்ந்து அமைந்திருக்கும். முதுகின் முதற்செட்டை, வேண்டாதபோது முதுகிலுள்ள ஒரு பள்ளத்தினுள் மடங்கி மறைந்துவிடும். இவையெல்லாம் வேகத்துக்காக இயற்கை செய்த ஒழுங்குகள்.

சூரை ஓயாது நீந்தும் மீன். வேறு பல மீன்கள் ஓரிடத்தில் நின்றவாறே வாயைத் திறந்து மூடிப் பூக்களின் வழியே நீரைச் செலுத்திச் சுவாசிக்கும். சூரையோ வாயைத் திறந்தபடி முன்னோக்கிப் பாய்வதால்தான் பூக்களுக்கு நீரைப் பெறுகின்றது. நீந்துதல் நின்றால் அதற்கு மூச்சும் நின்றுவிடும். இவ்வோயாத உழைப்புக்கு ஏராளமான ஒட்சிசன் வேண்டும். அதனைத் தசையிலே சேமித்து வைப்பது மயோகுளோபின் என்னும் செந்நிறப்பொருள். சூரையின் தசை ஆட்டிறைச்சிபோற் சிவந்திருப்பதன் காரணம் இதுவே. பலரும் எண்ணுவதுபோல அது வடியாது தேங்கிய இரத்தமன்று.

இன்னுமொரு புதுமை உண்டு. மீன்களிற் பெரும்பாலானவை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையையே தம் உடலிலும் கொண்டிருக்கும். சூரையில், குளிர்ந்த இரத்தக் குழாய்களும் வெப்பமான இரத்தக் குழாய்களும் பின்னிப் பிணைந்து ஒரு வலைபோல அமைந்திருப்பதால், தசையிற் பிறந்த வெப்பம் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிவிடுகின்றது. ஆகவே அதன் உடல் நீரைவிடப் பல பாகை வெப்பம் மிகுந்திருக்கும். தூண்டிலில் அகப்பட்டுப் போராடும்போது அவ்வெப்பம் மேலும் ஏறும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நஞ்சைப்பற்றிப் பேசும்போது இச்செய்தி நமக்குப் பயன்படும்.

இனி, இனங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். நம் கரைகளிற் பெயர்கள் ஒன்றாக இல்லை. ஓரூரில் ஒரு மீனுக்கு வழங்கும் பெயர் அடுத்த ஊரில் மற்றொரு மீனுக்கு வழங்குவதுண்டு. கொழும்புச் சந்தையிலோ சிங்களப் பெயர்களே தமிழர் நாவிலும் புழங்குகின்றன. ஆதலாற் பெயரை நம்பாது உடலிலுள்ள குறியை நம்புவதே அறிவுடைமை.

முதலாவது, வரிச்சூரை. சிங்களத்தில் இது பலயா எனப்படும். உலகிற் பிடிபடும் சூரை முழுவதிலும் பாதிக்கு மேற்பட்டது இந்த ஒரே இனந்தான். இதன் அடையாளம் வயிற்றிலே உள்ளது. முதுகு கருநீலமாக எவ்விதக் கோடும் புள்ளியும் இன்றி இருக்கும். வெள்ளி நிறமான வயிற்றுப்புறத்திலே, தலையிலிருந்து வாலை நோக்கி, மூன்று முதல் ஆறு வரையில் கரிய கோடுகள் நீளவாட்டில் ஓடும். இக்கோடுகள் மீன் இறந்தபின் நன்கு தெளிவாகத் தெரியும். சந்தைக்கு வருவன பெரும்பாலும் 40 முதல் 70 சென்ரிமீற்றர் நீளமுடையவை.

இரண்டாவது, சிங்களத்தில் அட்டவல்லா எனப்படும் கரையோரச் சூரை. ஆழ்கடலுக்கு அதிகம் செல்லாது, கரையை அடுத்த ஆழங்குறைந்த கடலிலே திரிவதாகையால், சிறு வள்ளங்களிற் செல்வோர்க்கும் அகப்படும். இதன் குறிகள் வரிச்சூரைக்கு நேர்மாறானவை. வயிற்றிலே கோடு கிடையாது. முதுகின் பின்பாதியிலேதான் அலையலையாக முறிந்து முறிந்து செல்லும் சாய்ந்த கோடுகள் இருக்கும். அத்துடன், தோட்செட்டைக்கும் அதன் கீழுள்ள வயிற்றுச் செட்டைக்கும் இடையே மை தொட்டுவைத்தாற்போலச் சில கரிய புள்ளிகள் காணப்படும். முதுகிற் கிறுக்கலும் நெஞ்சிற் பொட்டும் இருந்தால் அஃது இந்தச் சூரையே.

மூன்றாவது, எலிச்சூரை. சிங்களத்தில் அலகொடுவா என்பர். இதுவும் முதுகிற் சாய்ந்த கோடுகளை உடையது. ஆகவே முன்சொன்ன கரையோரச் சூரையின் குட்டி என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் முதுகிலுள்ள இரண்டு செட்டைகளையும் பாருங்கள். மற்றச் சூரைகளில் முதற்செட்டை முடியுமிடத்திலேயே இரண்டாஞ் செட்டை தொடங்கிவிடும். எலிச்சூரையிலோ இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி கிடக்கும். அந்த வெளி முதற்செட்டையின் அடிநீளமளவு இருக்கும். நெஞ்சிற் பொட்டும் இராது. உருவத்திலும் இது சிறியது. பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உட்பட்டே இருக்கும். இதனை ஒத்த இன்னோர் இனமும் நம் கடலில் உண்டு. அதன் முதுகுக் கோடுகள் சற்று அகன்று, ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சமையலுக்கு இரண்டும் ஒன்றேயாதலால் அவ்வேறுபாட்டை விரிக்க வேண்டியதில்லை.

நான்காவது, மஞ்சட்செட்டைச் சூரை. கெலவல்லா என்றால் எல்லார்க்கும் விளங்கும். இரண்டு மீற்றர் நீளம்வரை வளரும் பெருமீன் இது. வளர்ந்த மீனில் இரண்டாம் முதுகுச் செட்டையும் அதற்கு நேர்கீழேயுள்ள செட்டையும் அரிவாள்போல நீண்டு வளைந்து, பொன்மஞ்சளாக ஒளிரும். சிறுசெட்டைகளும் மஞ்சளே; அவற்றின் ஓரத்தில் மெல்லிய கரிய விளிம்பு இருக்கும். வயிற்றுப்புறத்திலே குறுக்குவாட்டாக, மேலிருந்து கீழாக, இருபது வரையில் முறிந்த வெண்கோடுகள் காணப்படும். வரிச்சூரையின் கோடு நெடுக்கு. இதன் கோடு குறுக்கு. இந்த ஒரு சொல்லை மனத்தில் இருத்துவது பயன் தரும். ஏனெனில், இளமையில் இதன் செட்டைகள் நீளமாட்டா. ஒத்த பருமனுடைய வரிச்சூரைகளுடன் கூட்டமாகத் திரிந்து, அவற்றுடனேயே வலையில் அகப்பட்டு, ஒரே குவியலாகக் கரைக்கு வரும். அக்குவியலிற் செட்டையின் நீளத்தைக்கொண்டு பிரிக்க இயலாது. வயிற்றுக் கோட்டைக்கொண்டே பிரிக்கலாம்.

ஐந்தாவது, பெருங்கண் சூரை. சந்தையில் இதுவும் பெரும்பாலும் கெலவல்லா என்ற பெயராலேயே விலைப்படும். பெயருக்கேற்பக் கண் பெரியது. உடலும் சற்று உருண்டு பருத்தது. பகற்பொழுதில் முந்நூறு மீற்றருக்கும் கீழே, ஒளி குன்றிய ஆழத்தில் இரை தேடும் மீனாகையால் அக்கண் அதற்குத் தேவையாயிற்று. நீண்ட தூண்டிற்கயிறு இட்டுப் பிடிப்போர்க்கே இது மிகுதியாகக் கிடைக்கும். முழுமீனைப் பார்த்தும் ஐயம் தீராவிடின், வயிற்றைக் கீறும்போது ஈரலைப் பாருங்கள். பெருங்கண் சூரையின் ஈரலின் அடிப்புறத்திலே மெல்லிய வரிகள் நெருக்கமாக ஓடும். மஞ்சட்செட்டைச் சூரையின் ஈரலோ வழுவழுப்பானது. அதன் வலப்புறத்து மடல் மற்றவற்றிலும் நீண்டது. மீன் ஆராய்ச்சியாளர் கையாளும் உறுதியான சோதனை இதுவே.

இவ்வைந்துக்கும் புறம்பாக, முதுகிலே நீளவாட்டிற் கோடுடைய ஒரு மீன் எப்போதாவது அகப்படும். அது சூரையின் நெருங்கிய உறவான பொனிற்றோ என்னும் இனம். அதன் வாயிலே கூரிய பற்கள் தெளிவாகத் தெரியும். வயிற்றிற் கோடென்றால் வரிச்சூரை, முதுகிற் கோடென்றால் பொனிற்றோ என்று கொள்க.

இவ்வளவும் முழுமீனை வாங்குவோர்க்கு உதவும். துண்டாக வாங்குவோர் யாது செய்வது? தோலோடு கூடிய துண்டையே கேட்டு வாங்குதல் நன்று. வயிற்றுப்புறத் துண்டிலே நெடுங்கோடு உண்டா என்று பார்க்கலாம். தோல் இல்லையாயின், தசையின் நிறமே துணை. மஞ்சட்செட்டைச் சூரையின் தசை இளஞ்சிவப்பு. வரிச்சூரையின் தசை கருஞ்சிவப்பு. வெட்டுமுகத்தில், நடுமுள்ளின் இருமருங்கும், ஏறக்குறையக் கறுப்பென்று சொல்லத்தக்க ஒரு தசைப்பட்டை தெரியும். எலிச்சூரையிலும் கரையோரச் சூரையிலும் அப்பட்டை மிகப் பெரிதாக இருக்கும். பெரிய மஞ்சட்செட்டைச் சூரையில், துண்டின் அளவை நோக்க, அது சிறியதாகவே தோன்றும்.

அடுத்து, உண்ணும் தரம் பற்றிப் பேசுவோம். அறக்குளாவை உயர்ந்த மீன் என்றும் சூரையைத் தாழ்ந்த மீன் என்றும் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வெண்தசை, மென்சுவை, பொரித்தால் உதிராமை ஆகிய குணங்கள் அறக்குளாவுக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் உணவின் சத்தை நோக்கினால் சூரை எவ்விதத்திலும் குறைந்ததன்று. 100 கிராம் சூரைத் தசையிலே ஏறக்குறைய 22 முதல் 24 கிராம் வரையில் புரதம் இருக்கின்றது. கொழுப்போ மிகச் சிறிது. கருந்தசையில் இரும்புச்சத்து மிகுதி. குறைந்த விலையிற் பிள்ளைகளுக்கு நல்ல புரதம் கொடுக்க விரும்பும் தாய்மார், வரிச்சூரையைத் தயக்கமின்றி வாங்கலாம். விலை வேறுபாடு சுவையின் பொருட்டும் தோற்றத்தின் பொருட்டும் ஏற்பட்டதேயன்றிச் சத்தின் பொருட்டு ஏற்பட்டதன்று.

சுவையை நோக்குமிடத்து, இவ்வினங்களை ஒரு வரிசையில் நிறுத்தலாம். மென்சுவை வேண்டுவோர்க்கு மஞ்சட்செட்டைச் சூரை முதலிடம் பெறும். பொரியலுக்கும் பாற்கறிக்கும் அது பொருந்தும். பெருங்கண் சூரை கொழுப்பு மிகுந்தது. பச்சைமீனை உண்ணும் யப்பானியர் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆகவே நல்ல தரமானவை பிறநாட்டுக்கே சென்றுவிடுகின்றன. வரிச்சூரை அழுத்தமான சுவையுடையது. புளியும் மிளகும் கூடிய கறிக்கு இதனிலும் ஏற்ற மீன் வேறில்லை. கரையோரச் சூரை அதனிலும் சற்று முரடு. எலிச்சூரை எல்லாவற்றிலும் கருமை மிகுந்தது, விரைவிற் கெடுவது. ஆயினும் அன்று பிடித்த எலிச்சூரையை அன்றே உறைப்புக் கறியாக்கி உண்டவர்கள் அதனை இகழமாட்டார்கள்.

கருஞ்சூரையை வீட்டிலே பக்குவப்படுத்துவது எவ்வாறு? நடுவிலுள்ள கறுப்புத் தசைப்பட்டையே கடுநெடிக்குக் காரணம். இரும்பும் கொழுப்பும் அதில் மிகுதியாக இருப்பதால், காற்றுப்பட்டவுடன் அது விரைந்து காறிப்போகும். மென்சுவை வேண்டுமானால் அதனைக் கத்தியால் வழித்து நீக்கிவிடலாம். நீக்கியதை வீசவேண்டியதில்லை, மிளகும் வெங்காயமும் சேர்த்துத் தனியே வறுத்தெடுப்பாரும் உளர். துண்டுகளைக் குளிர்ந்த உப்புநீரிற் சிறிதுநேரம் இட்டெடுப்பது நெடியைத் தணிக்கும். புளி சேர்ப்பது நாவுக்கு மாத்திரமன்று. மீனின் மணத்துக்குக் காரணமான காரப்பொருள்களைப் புளியின் அமிலம் கட்டுப்படுத்துகின்றது.

தென்னிலங்கையிலே சிங்கள மக்கள் சமைக்கும் அம்புல் தியல் என்னும் புளிமீன் இம்முறையின் உச்சம் எனலாம். சூரைத் துண்டுகளைக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் உப்பும் சேர்த்து, நீர் முற்றாக வற்றும்வரை மட்பாண்டத்திற் காய்ச்சுவர். புளிப்பும் உப்பும் வறட்சியும் சேர்ந்து, குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாட்களுக்கு அக்கறியைக் கெடாமற் காக்கின்றன. குளிர்ப்பெட்டி கண்டுபிடிக்கப்படுமுன் நம் முன்னோர் கண்டறிந்த பாதுகாப்பு அது.

அதனிலும் நெடுங்காலம் நிற்பது மாசிக்கருவாடு. மாலைதீவிலே வரிச்சூரையைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாட்டிற் கீறி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டைபோல ஆகும்வரை உலர்த்துவர். 14ஆம் நூற்றாண்டிலே மாலைதீவில் தங்கியிருந்த இபுனு பட்டூட்டா என்னும் யாத்திரிகர், அம்மீன் அவித்துப் புகையிலுலர்த்தப்பட்டு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்படுவதைத் தம் பயணக் குறிப்பிலே எழுதியுள்ளார். அத்தொழில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறாமல் வருகின்றது. நம் வீட்டுச் சம்பலிலே இடித்துச் சேர்க்கும் மாசித்தூள் அந்த வரிச்சூரையின் தசையே. யப்பானியரும் இதே மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்தி, சீவல் சீவலாகச் சீவி, தம் குழம்புகளுக்கு அடிச்சுவையாக இடுகின்றனர். தொலைதூரத்திலுள்ள இரு நாட்டார் ஒரே மீனை ஏறக்குறைய ஒரே வகையிற் பக்குவம் செய்கின்றனர். கொழுப்புக் குறைந்து கருஞ்சுவை மிகுந்த தசை உலர்த்துவதற்கு உகந்தது என்பதே இதன் காரணம்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதே இப்பேச்சின் முக்கியமான பகுதி. மீனின் இனத்தைப் பிழையாக அறிந்தால் சில ரூபாய் நட்டம், அவ்வளவே. அதன் நிலையைப் பிழையாக அறிந்தாலோ உடல்நலத்துக்கே கேடு.

சூரைக் குடும்பத்தின் தசையிலே இசுத்திதீன் என்னும் பொருள் இயற்கையாகவே மிகுந்துள்ளது. அதனால் யாதொரு தீங்குமில்லை. ஆனால் மீனின் பூவிலும் குடலிலும் தோலிலும் வாழும் சிலவகைப் பற்றீரியாக்கள், மீன் இறந்தபின் வெப்பத்திலே பெருகி, அப்பொருளை இசுத்தமின் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. அதுவே நஞ்சு. முன்னர்க் கூறியதை இங்கே நினைவுகூருங்கள். சூரை இறக்கும்போதே அதன் உடல் நீரைவிட வெப்பமானது. நம் நாட்டு வெயிலும் கடுமையானது. பனிக்கட்டியின்றிச் சில மணிநேரம் கிடந்தாலே போதும். நஞ்சு பிறக்கத் தொடங்கிவிடும்.

இந்நஞ்சுண்ட மீனை உண்டவர்க்குச் சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணிநேரத்துள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடலெங்கும் தினவெடுத்துத் தடிக்கும், வயிற்றோட்டமும் வாந்தியும் உண்டாகலாம். இதனைப் பலர், "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று, தம் உடலின் ஒவ்வாமையாகக் கருதிவிடுகின்றனர். உண்மையில் அம்மீனே கெட்டது. ஒவ்வாமையானால் ஒருவரை மாத்திரம் வருத்தும். ஒரே சட்டியில் உண்ட பலரையும் ஒருங்கே வருத்தினால் நஞ்சென்றே ஐயுறவேண்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் இது தணியும். ஆயினும் மூச்சு முட்டினாலோ, மயக்கம் கண்டாலோ, நெஞ்சு நோய் உள்ளவராயினோ, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். உண்ட மீன் சூரை என்பதை வைத்தியரிடம் மறவாமற் கூறவேண்டும்.

இந்நஞ்சைப்பற்றி மூன்று உண்மைகளை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ரின்னில் அடைத்தாலும் இது அழியாது. பற்றீரியா சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு நிற்கும். இரண்டு, புளியும் கொறுக்காயும் இனிப் பற்றீரியா பெருகாமல் தடுக்குமேயன்றி, முன்னரே பிறந்துவிட்ட நஞ்சை நீக்கமாட்டா. கெடுநிலை கண்ட மீனைப் புளிக்கறியாக்கிவிடலாம் என்று எண்ணுவது பேராபத்து. மூன்று, நாற்றம் இல்லாமையே நலத்துக்குச் சான்றன்று. கண்ணுக்கும் மூக்குக்கும் குறைதெரியாத மீனிலும் இசுத்தமின் மிகுந்திருக்கக்கூடும்.

அவ்வாறாயின் நம்மாற் செய்யத்தக்கது யாது? குளிர் ஒன்றே காப்பு. பிடித்தவுடன் இரத்தம் வடித்து, பூவையும் குடலையும் அகற்றி, மீனின் எடைக்கு ஏறக்குறையச் சமமான எடை பனிக்கட்டியிட்டு மூடுதல் மீனவர் கடன். நம் பலநாட் கலங்கள் சில வாரம் கடலில் நிற்கின்றன. முதல்வாரத்திற் பிடித்ததும் இறுதிநாளிற் பிடித்ததும் ஒரே நாளில் இறங்குதுறைக்கு வருகின்றன. ஆகவே, இன்று இறக்கிய மீன் என்பதும் இன்று பிடித்த மீன் என்பதும் ஒன்றல்ல. வாங்குவோர், பனிக்கட்டியின் மேல் அன்றிப் பனிக்கட்டிக்குள் கிடக்கும் மீனையே தேடவேண்டும். கண் தெளிந்து புடைத்திருக்கவேண்டும், பூ செக்கச்சிவந்திருக்கவேண்டும், வயிறு இறுகியிருக்கவேண்டும், விரலால் அழுத்தினாற் பள்ளம் உடனே மீளவேண்டும். துண்டு மீனில் அளவுக்கு மீறிய பளிச்சென்ற சிவப்பையும் நம்பவேண்டாம். காபனோரொட்சைட்டு என்னும் வாயுவைச் செலுத்திப் பழைய துண்டுக்கும் புதுநிறம் ஊட்டும் வழக்கம் உலகச் சந்தையில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் யப்பானும் அதனைத் தடைசெய்துள்ளன.

மீனை வாங்கியபின் கடைசியாக மரக்கறிச் சந்தைக்கும் பலசரக்குக் கடைக்கும் சென்று திரும்புவது நம் வழக்கம். அம்முறையை மாற்றி, மீன்கடைக்கு இறுதியிற் செல்லுங்கள். வீடு சேர்ந்ததும் உடனே கழுவிச் சமையுங்கள். அல்லது 4 பாகை செல்சியசுக்கு மேற்படாத குளிரில் வையுங்கள். மதியம் சமைத்த கறியை இரவுவரை அடுப்படியில் விடாதீர்கள். உண்ணும்போது, சேர்க்காத மிளகின் காரம்போல நா சுரீரென்றால் கறியை ஒதுக்கிவிடுங்கள். சமைத்த தசையிலே தேன்கூடுபோலத் துளைகள் தெரிந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். அதுவும் கெட்ட சூரையின் குறியே.

இனத்தை அறிவதால் உடல்நலத்துக்கு மற்றுமொரு பயன் உண்டு. கடல்நீரிற் சிறிதளவாகக் கலந்துள்ள இரசம் சிறுமீன்களின் வழியே பெருமீன்களைச் சேர்கின்றது. நெடுநாள் வாழும் பெரிய மீனில் அது மிகுதி. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அளந்து கண்ட சராசரிகள் இதனை விளக்கும். பத்து இலட்சம் பங்கு மீனில், வரிச்சூரையில் 0.14 பங்களவும், மஞ்சட்செட்டைச் சூரையில் 0.35 பங்களவும், பெருங்கண் சூரையில் 0.69 பங்களவும் இரசம் காணப்பட்டது. ஆதலாற் கருவுற்ற தாய்மாரும் சிறு குழந்தைகளும் பெருங்கண் சூரையைத் தவிர்ப்பது நன்றென அந்நிறுவனம் அறிவுறுத்துகின்றது. விலை குறைந்த சிறுசூரையே இவர்களுக்கு நலம் மிகுந்தது என்பது எத்துணை ஆறுதலான செய்தி!

கடலின் நலத்துக்கும் இவ்வறிவு வேண்டும். வரிச்சூரை விரைந்து வளர்ந்து, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளத்திலேயே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். அதே நீளமுள்ள மஞ்சட்செட்டைச் சூரையோ இன்னும் குஞ்சு, ஒருமுறையேனும் முட்டையிட்டிராதது. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2015இல் மஞ்சட்செட்டைச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுள்ளதெனக் கண்டு, அதனை மீட்கும் திட்டமொன்றை 2016இல் வகுத்தது. 2024இல் செய்த மதிப்பீடு நிலை தேறியுள்ளதெனக் காட்டிற்று. அத்தேற்றம் நிலைபெறவேண்டுமாயின், வயிற்றிற் குறுக்குக்கோடுடைய சிறுசூரையை விட்டு, நெடுங்கோடுடைய வரிச்சூரையைத் தெரிந்தெடுக்கும் கண் நமக்கும் வேண்டும்.

கூறியவற்றைத் தொகுத்துச் சொல்வேன். வயிற்றில் நெடுங்கோடு, வரிச்சூரை. முதுகிற் கிறுக்கலும் நெஞ்சிற் பொட்டும், கரையோரச் சூரை. இரு செட்டைக்கும் நடுவே வெளி, எலிச்சூரை. மஞ்சட் செட்டையும் வயிற்றிற் குறுக்குக்கோடும், கெலவல்லா. பெருங்கண்ணும் வரியோடிய ஈரலும், பெருங்கண் சூரை. பொரியலுக்கு மஞ்சட்செட்டை, புளிக்கறிக்கு வரிச்சூரை, அன்றைய உறைப்புக் கறிக்கு எலிச்சூரை. எந்தச் சூரையாயினும் பனிக்கட்டிக்குள் இருந்து வரவேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான விதி.

அடுத்த முறை மீன்கடைக்குச் செல்லும்போது, பெயரைக் கேட்குமுன் மீனின் வயிற்றையும் முதுகையும் ஒருகணம் உற்று நோக்குங்கள். அது தன் பெயரைத் தானே சொல்லும்.